பார்சிலோனாவில் பார்க்காத முகம்

ஜூலை, ஞாயிறு

காலையில் முதல் வேலையாக, பார்சிலோனா பயணத்தில் உடுத்திய துணிகளை மெஷினில் போட்டேன். அது ஓடி முடிவதற்குள் பக்கத்து யூனிட் வீட்டு வசந்தி வந்துவிட்டாள். விசா இழுபறியால் ஆஸ்திரேலியாவை விட்டு வெளியே போக முடியாதவள். பார்சிலோனாவில் ஓர் உணவகத்தில் வேலை செய்யும் தம்பிக்கு என்னிடம் மிளகாய்த்தூள் கொடுத்து அனுப்பியிருந்தாள்.

நான் அவனைப் பார்க்கப் போகவில்லை. தேவாலயத்தில் வரிசை, கடற்கரை, இறால் போட்ட சோறு என்று நாள்கள் ஓடிவிட்டன. கடைசி நாள் பொட்டலத்தை ஹோட்டல் வரவேற்பில் வைத்துவிட்டு, வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லிச் செய்தி அனுப்பினேன்.

"தம்பி சொன்னவன் அக்கா, உங்களோட இருந்து கோப்பி குடிச்சவனாம். நல்ல மனுசியாம்" என்றாள் வசந்தி.

அவள் மனம் நோகக்கூடாதென்று பொய் சொல்லியிருக்கிறான். நானும் தலையாட்டினேன்.

"வீடியோவில முகத்தைக் காட்டுறானே இல்லை. மெலிஞ்சிட்டானோ?"

"இல்ல வசந்தி, நல்லாத்தான் இருக்கார்."

அவள் சிரித்துவிட்டாள். "கள்ளன்! சும்மா பயப்படுத்திப்போட்டான். அம்மாவுக்கு இப்பவே சொல்லப்போறன்."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "இருங்க, சர்ச் படமெல்லாம் பாத்துட்டுப் போங்க" என்றேன். ஒவ்வொன்றையும் பொறுமையாகப் பார்த்தாள்.

அவன் ஏன் முகம் காட்டுவதில்லை என்று அங்கே போய்ப் பார்த்திருக்கக்கூடியவள் நான் ஒருத்திதான். இப்போது அவள் கவலைப்படுவதையும் நிறுத்திவிட்டாள்.

நாளை அவள் வேலைக்குக் கிளம்பும் முன் கதவைத் தட்டி, அவனை நான் பார்க்கவே இல்லை என்று சொல்லப்போகிறேன்.