பச்சையம் என்பவர் நேரில் வரவும்

கார்த்திகை 3, திங்கள்

திரண்டு நிற்கும் முந்திரி மரங்களே! உங்கள் குறை ஒன்றே: பசி. கந்தர்வக்கோட்டைக்கு அருகே, என் தங்கை செவந்தியின் தோப்பை ஒட்டிய கல்லரவை ஆலை, உங்கள் இலைமேல் நாள்தோறும் வெண்தூள் பூசி அழகு பார்க்கிறது. ஒளி புகாத இலை எதைச் சமைக்கும்?

இப்படித்தான் இன்று காலை தோப்பில் முழங்கினேன். கைதட்ட ஆளில்லை. செவந்தி மட்டும் சொன்னாள்: “அண்ணே, இந்தத் தையிலயும் பூக்கலேன்னா வெட்டி வெறகுக்குக் குடுத்துர்றேன். மரம் வெட்டுற நாகராசுகிட்டச் சொல்லிட்டேன்.”

உடனே குறைதீர் நாள் கூட்டத்துக்குப் போய் முறையீடு கொடுத்தேன். “தூளால் பச்சையம் செயலிழந்து கிடக்கிறது; உணவு ஆக்க இயலாது நலிகிறது; காத்திடுக.” தூய தமிழ். ஒரு வடசொல் இல்லை.

கார்த்திகை 21, வெள்ளி

மறுமொழி வந்தது, மாற்றுத்திறனாளிகளுக்கு உதவித்தொகை வழங்கும் பிரிவிலிருந்து. “செயலிழந்த பச்சையம் என்பவர் ஆதார் அட்டையுடன் நேரில் வரவும்.”

செவந்திக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பச்சையம்மாள் என்று நினைத்துவிட்டார்களாம். இலையின் பச்சை என்று எழுதியிருக்கக் கூடாதா என்கிறாள். கூடாது. — கூடுமோ?

கார்த்திகை 24, திங்கள்

பச்சையத்தை நேரில் அழைத்துச் சென்றேன். தூள் படிந்த கிளையை மேசைமேல் கிடத்தி, “வந்திருக்கிறார், அமரச் சொல்லுங்கள்” என்றேன். அழைத்து வரப்பட்ட மாசுத்தடுப்பு ஆய்வாளர் எழிலரசன் இருமுறை தும்மிவிட்டு, தோப்பைப் பார்வையிட நாள் குறித்தார்.

மார்கழி 3, புதன்

நாளை ஆய்வு. ஆலையின் தண்ணீர் வண்டி வந்து சாலையோர மரங்களைக் குளிப்பாட்டிச் சென்றது. கண்துடைப்பு கண்டிருக்கிறேன், இலைதுடைப்பு இன்றுதான் கண்டேன். பின்வரிசைக்கு அந்தப் பேறில்லை. அலுவலர் அவ்வளவு தொலைவு நடக்கமாட்டார் என்று ஆலைக்குத் தெரியும்.

மார்கழி 4

ஆய்வு ஒத்திவைப்பு.

மார்கழி 24, புதன்

மீண்டும் மீண்டும் ஒத்திவைப்பு. ஒவ்வொரு முறையும் நீராட்டு. மார்கழி நோன்பு மரங்களுக்குமா?

பின்வரிசை எப்படி உயிரோடிருக்கிறது? இலை உணவு கொடுக்காவிட்டாலும் உயிரணுக்கள் எரிப்பதை நிறுத்துவதில்லை. வேரிலும் தண்டிலும் சேர்த்துவைத்த மாவைச் சர்க்கரையாகக் கரைத்து, இரவும் பகலும் மூச்சுவிடுகின்றன. உயிர் தரிக்கவே அது சரியாகிவிடுகிறது. பூவுக்கு எங்கே போகும்?

தை 8, செவ்வாய்

சாலையோரம் முழுக்கப் பூ. பின்வரிசையில் ஒரு மொட்டும் இல்லை. நாகராசு ரம்பத்தோடு வந்து, எதை வெட்டுவது என்று விழித்தார்.

தை 9, புதன்

எழிலரசன் வந்தேவிட்டார். பூவைப் பார்த்ததும் “பாதிப்பு இல்லை” என்று எழுதத் தொடங்கினார். எனக்குக் கற்ற தமிழெல்லாம் பறந்தது. கையைப் பிடித்து இழுத்துப் போனேன். “இங்கிட்டு வாங்க சார். அங்கிட்டு அவங்க கழுவுன மரம், பூத்துருக்கு. இது கழுவாத மரம். ஒரே மண்ணு, ஒரே மழை. தூசிதான் சார் சோத்தைப் பிடுங்குது. எழுதுங்க.”

முன்பு எழுதியதை அடித்தார். செவந்தி என்னையே பார்த்தாள். “இத மொதல்லயே இப்படிச் சொல்லியிருக்கலாம்லண்ணே.”

மாசி 6, செவ்வாய்

ஆணை வந்தது: ஆலையைச் சுற்றித் தூள்தடுப்புத் திரை, மூன்று திங்களுக்குள். செவந்தி நாகராசைத் திருப்பி அனுப்பிவிட்டாள். அடுத்த தை வரை பொறுப்பாளாம்.

மூன்று திங்களாம்! ஆலையாரே, அலுவலரே, உங்களுக்கு ஒத்திவைக்கத் தெரியும். உயிரணுவுக்குத் தெரியாது. திரையை இன்றே கட்டுங்கள்.