கிளுவை வேலிக்கு ஒரு கையெழுத்து

குளத்துவிளை
14 டிசம்பர் 1953

கொழும்பில் இருக்கும் என் வீட்டுக்காரர் ஏசுஅடிமை அவர்களுக்குச் செசிலி எழுதுவது. நானும் நம் மகள் லீமாவும் மாதாவின் தயவில் இருக்கிறோம். நீங்கள் சுகமாக இருப்பதாகக் அங்கிருந்து கோட்டாற்றுத் திருவிழாவுக்கு வந்த ததேயுஸ் சொன்னான். ஆகையால் சுகம் விசாரிக்கிற வேலை எனக்கு மிச்சம்.

போன வருடம் ஈஸ்டருக்குப் பிறகு உங்கள் கையெழுத்தை நான் பார்க்கவில்லை. அதற்குச் சண்டை போட இதை எழுதவில்லை. சண்டைக்கு இங்கேயே ஆள் இருக்கிறது. நம் வீடும் அது நிற்கும் விளையும் கையை விட்டுப் போகப்போகின்றன. கோபப்படாமல் கடைசிவரை வாசியுங்கள்.

எல்லாம் ரோட்டோரம் நீங்கள் நட்ட கிளுவை வேலியால் வந்தது. பகவதியம்மாளிடம் இந்த விளையை வாங்கியபோது, பின்னால் இருக்கும் குளத்தில் அவர்கள் வீட்டுப் பெண்கள் குளிப்பது ரோட்டில் போகிறவர்கள் கண்ணில் படக்கூடாது என்று ஒரு நிபந்தனை வைத்தார்களே. ஓராள் கையைத் தூக்கி நிற்கும் உயரத்துக்குக் குறையாமல் ரோட்டோரம் என்றைக்கும் உயிர்வேலி வளர்க்க வேண்டியது, குறைந்தால் வாங்கிய விலைக்கே விளையைத் திருப்பிக் கொடுக்க வேண்டியது என்று ஆதாரப் பத்திரத்தில் எழுதினார்கள். எழுதினவர், “எந்த ஆளுக்க கை?” என்று கேட்டதும் நீங்கள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றீர்கள். பகவதியம்மாள்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அன்றைக்கு அது நமக்கு ஒரு நிபந்தனையாகவே தெரியவில்லை. வேலி இல்லாமல் யார் விளை வைத்திருக்கிறார்கள்!

இப்போது நம் முக்கு வழியாகப் பஸ் ஓடுகிறது. ஆவணி மாதம் வேலி மறைத்து, திருப்பத்தில் சைக்கிளில் வந்த ஞானையனை லாரி தட்டிவிட்டது. வலது கால் முறிந்து, பாவம், கம்பூன்றி நடக்கிறான். அதன் பிறகு ரோட்டுத் திருப்பத்தில் எந்த வேலியும் நாலடிக்கு மேல் நிற்கக்கூடாது என்று முனிசிபாலிட்டி நோட்டீஸ் கொடுத்தது. ஞானையன் நடையைப் பார்த்த பிறகு அந்தச் சட்டத்தைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெட்டிவிடலாம் என்று வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு நானேதான் போனேன்.

பகவதியம்மாளின் அண்ணன் மகன் கிருஷ்ணமணி எதிரே வந்து நின்றான். “வெட்டுங்க அக்கா, நல்லா வெட்டுங்க. ஆதாரத்துக்க நகல் எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு” என்றான். விளை திரும்பினால் அவன் கைக்குத்தான் போகும். பஸ் வந்த நாள்முதல் இந்த முக்கில் வரிசையாகக் கடை கட்ட அவனுக்கு ஆசை. அவனிடம், உங்கள் வீட்டில்தான் குழாய் வந்தாயிற்றே, குளத்தில் இப்போது எருமைதான் குளிக்கிறது, எருமைக்கும் மறைவு வேண்டுமா என்று கேட்டேன். “யாரு குளிக்கான்னு பாக்கவா ஆதாரம் எழுதினது? உயரத்தப் பாருங்க” என்கிறான் படுபாவி.

பெரிய புத்திசாலி மாதிரி நான் ஒரு காரியம் செய்தேன். கம்புகளை வெட்டாமல், நாலடிக்கு மேலே உள்ள இலையையும் சின்னக் கிளைகளையும் மட்டும் கழித்துவிட்டேன். கையெல்லாம் முள் கீறி ரத்தம். வருகிற வண்டியும் தெரியும், உயரமும் குறையாது என்று நினைத்தேன். ஓவர்சியர் வந்து பார்த்துவிட்டு, “கம்பும் வேலிதானே அம்மா, வெட்டித்தான் ஆவணும்” என்றார். அவர் போனதும் கிருஷ்ணமணி வந்து, “மொட்டைக் கம்பு வேலியாவுமா?” என்றான். ஒருத்தருக்கு அது வேலி, இன்னொருத்தருக்கு வேலி இல்லை. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் லீமா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ரசலையன் வக்கீலிடம் போனேன். முனிசிபாலிட்டி நம் ஆதாரத்தைப் பார்க்காது, கோர்ட் ஞானையன் காலைப் பார்க்காது என்றார். நான் வெட்டினால் விளை போகும். வெட்டாவிட்டால் ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்ததும் முனிசிபாலிட்டிக்காரர்களே ஆள் வைத்து வெட்டுவார்கள், அப்போதும் போகும். வேலியை வெட்டுவதற்கு முன்னால் அந்த நிபந்தனையை விட்டுவிட்டதாக விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்து எழுதிப் பதிந்தால் மட்டும் தப்பலாமாம். வாங்கியவர் நீங்கள். என் பெயர் அதில் எங்கும் இல்லை.

பகவதியம்மாளைப் போய்ப் பார்த்தேன். கட்டிலோடு கிடக்கிறார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஏட்டி செசிலி, உனக்க மாப்பிள வரட்டும் மக்கா, நான் ஒப்பிட்டுத் தாறேன்” என்றார்கள். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் பத்து நாளாக எனக்குச் சோறு இறங்குகிறது. நேற்று மறுபடியும் போனபோது நாக்கு குழறி, என்னை யாரென்று தெரியவில்லை. கிருஷ்ணமணி கதவை மெதுவாகச் சாத்தினான்.

ஊருக்கு வந்து திரும்ப உங்களுக்குப் பெர்மிட் கிடைக்காது என்று முன்பு எழுதினீர்கள். கடையிலேயே படுத்துக்கொள்வதாகவும் ஓட்டலில் சாப்பிடுவதாகவும் எழுதினீர்கள். ததேயுஸிடம், சாப்பாடெல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். “வீட்டுச் சாப்பாடுதான், நல்லா இருக்காவ” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். நீங்கள் கொடுத்தனுப்பியதாக அவன் தந்த சோப்பு அவன் காசில் வாங்கியதுதான். அவனுக்குப் பொய் சொன்னால் காது சிவந்துவிடும். பாவம், நான் மேலே ஒன்றும் கேட்கவில்லை. ராத்திரி முழுக்க எனக்கு நெஞ்சு எரிந்தது, அவ்வளவுதான்.

என் அண்ணன் வீட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் இடம் கிடையாது. லீமா வயதுக்கு வந்த பிள்ளை. அவளைக் கூட்டிக்கொண்டு நான் எந்த வாசலில் போய் நிற்பேன்?

நீங்கள் வரமாட்டீர்கள். அதனால் வரச் சொல்லவில்லை. உங்களுக்குப் பதிலாக நான் கையெழுத்துப் போட ஒரு பவர் பத்திரம் எழுதி, அங்குள்ள நம் நாட்டு ஆபீசில் முத்திரை வைத்து அனுப்புங்கள். அது வந்து சேரும்வரை பகவதியம்மாள் உயிரோடு இருக்க வேண்டும், நினைவும் திரும்ப வேண்டும் என்று லீமா முட்டுப்போட்டு ஜெபிக்கிறாள். எனக்கு அவ்வளவு விசுவாசம் இல்லை. இருந்தாலும் அனுப்புங்கள்.

பத்திரத்துக்கு இரண்டு சாட்சி வேண்டும் என்று வக்கீல் சொன்னார். ஒன்று அங்கே திரும்பிவிட்ட ததேயுஸ் போடுவான். இன்னொன்றுக்கு ஆளைத் தேடி நாளைக் கடத்த வேண்டாம். உங்களுக்குச் சோறு பொங்கிப் போடுகிறவளே போட்டாலும் போதும். அவள் பெயரைப் பார்த்து நான் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன், சத்தியம். அங்கே பிள்ளை ஏதும் இருந்தால், ராத்திரி தூங்கப்போகும்போது எனக்காக அதன் நெற்றியில் ஒரு சிலுவை வரைந்துவிடுங்கள். யார் வரையச் சொன்னது என்று சொல்ல வேண்டாம்.

இன்றைக்குவரை உங்கள் வேலிக்குள்ளேயே இருக்கும்,
செசிலி