வளைவுச்சாமியின் எண்ணெய்

1911 ஜூன் 19, திங்கள்

சாரல் விடவில்லை. விறகு ஈரம், துணி ஈரம், மருந்துக் கொட்டகையில் பஞ்சு கூட ஈரம். இன்று ஒரு தேள்கடி, ஒரு நசுங்கிய விரல்.

காலையில் வண்டிகள் இறங்கின. அணை வேலைக்குச் சுண்ணாம்பும் இரும்பும் ஏற்றிவரும் இந்தச் சின்ன ரயிலை மலையேற்றத்தில் என்ஜின் தள்ளும். இறங்கும்போது என்ஜின் கிடையாது. வெட்டிய மரத்தோடு வண்டிகள் தம் பாரத்திலேயே உருளும். கடைசி வண்டியில் நின்று பிரேக்குக் கட்டையைப் பிடிப்பவர் என் வீட்டுக்காரர் இன்பமணி. (பேரை வாயால்தான் சொல்லக்கூடாது, எழுதினால் என்ன?) முகாமுக்குக் கீழே ஒரு வளைவு, பக்கத்தில் பாதாளம். அதைத் தாண்டியதும் அவர் ஒரு விசில் ஊதுவார். அதைக் கேட்கும் வரை கையில் எது இருக்கிறதோ அதைப் பிடித்தபடியே நிற்பேன். இன்று தேள்கடிக்காரனின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் கத்தினான்.

ஜூன் 23, வெள்ளி

உள்ளங்கைத் தோல் உரிந்து வந்திருக்கிறார். சாரலில் வண்டி வழுக்குகிறதா என்று கேட்டேன்.

"சாரல்ல இப்படி வழுக்காது கெசியா. அது எண்ணெய்" என்றார்.

வளைவில் பாறையை உடைத்தபோது எத்தனை வேட்டு வைத்தும் உடையாமல் ஒரு கல் நின்றுவிட்டது. மேஸ்திரி தாணுமாலையன் அதற்குச் சந்தனம் வைத்தார். அன்றிலிருந்து அது வளைவுச்சாமி. மலையேறும் ஒவ்வொரு ஆளும் ஒரு கை நல்லெண்ணெய் ஊற்றாமல் போவதில்லை. அது பாறையில் வடிந்து நேரே தண்டவாளத்தில் இறங்குகிறது!

துரையிடம் சொல்லுங்கள் என்றேன்.

"சொன்னா கல்லைப் பள்ளத்துல தள்ளச் சொல்லுவான். மறுநாள் ஒருத்தன் வேலைக்கு வரமாட்டான். வேதக்காரன் சாமியத் தள்ளிட்டாம்னு நம்ம குடிசையத்தான் கொளுத்துவானுவ."

மேஸ்திரியிடமாவது?

"அவரு அதுக்கு ஊத்தாம பச்சத்தண்ணி குடிக்க மாட்டாரு. சவத்த விடு."

வண்டியில் ஒரு மூட்டை மணல் வைத்திருக்கிறாராம். வளைவு வந்ததும் அள்ளி வீசுவாராம். ஒரு கையில் பிரேக்கு, ஒரு கையில் மணல். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வேதப்புத்தகத்தின் மேல் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். எதற்குக் கொடுத்தேன்?

ஜூலை 2, ஞாயிறு

ஜெபத்தில் மனம் நிற்கவில்லை. 'எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்' என்று சொல்லும்போது தண்டவாளம்தான் கண்ணில் நிற்கிறது.

ஜூலை 8, சனி

விசில் வரவில்லை.

ஓடினேன். செருப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. முன்வண்டி தண்டவாளத்தை விட்டு இறங்கிச் சாய்ந்து கிடந்தது, மரமெல்லாம் பள்ளத்தில். அவர் பாறையோரம் உட்கார்ந்திருந்தார். முழங்கையில் ரத்தம், மற்றபடி ஒன்றுமில்லை. உயிரோடு இருக்கிறார். இருக்கிறார்.

துரை வந்து பார்த்து, சாரல் என்றார். மேஸ்திரியோ, "சாமிக்குக் கொற வச்சிட்டோம்லே. இனி ரெண்டு வேளையும் ஊத்தணும்" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். என் வீட்டுக்காரரும்தான்! எனக்கு வந்த ஆத்திரத்தில் காயத்தைக் கொஞ்சம் அழுத்தியே கட்டினேன்.

ஜூலை 11, செவ்வாய்

ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிற ஜனம் இந்த வருஷம் தண்டவாளம் வழியாகத்தான் ஏறுமாம். ஆளுக்கு ஒரு செம்பு எண்ணெய். கர்த்தரே.

ஜூலை 19, புதன். அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரி

இப்போதுதான் எழுத நேரம் கிடைத்தது.

நேற்றுக் காலை மேஸ்திரியின் பெண்சாதி ஆவுடைத்தாய்க்கு வலி கண்டது. தொட்டுப் பார்த்தேன், பிள்ளை குறுக்கே கிடந்தது. என் கைக்கு அடங்காது, கீழே கொண்டுபோக வேண்டும். ஒரே ஒரு வெறும் வண்டியில் பாய் விரித்துப் படுக்கவைத்தோம். பிரேக்கில் இவர், அவள் தலைமாட்டில் நான், கால்மாட்டில் மேஸ்திரி. அவர் மடியில் ஒரு பெரிய செம்பு நிறைய எண்ணெய்.

வளைவுக்கு மேலே வந்ததும் கையைக் காட்டினார். "நிறுத்துலே இன்பமணி. முழுச்செம்பும் சாமிக்கு நேந்திருக்கேன். ஊத்திட்டு வந்துருதேன்."

இவர் வண்டியை நிறுத்தினார். கட்டை முனகியது. என்னைப் பார்த்து, பேசாதே என்று கண்ணாலேயே கெஞ்சினார். சத்தியம் ஞாபகம் இருந்தது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியும் இருந்தது.

"அண்ணாச்சி, ஊத்தாதீங்க" என்றேன். "அந்த எண்ணெய் வடிஞ்சு தண்டவாளத்துலதான் நிக்கி. சக்கரம் வழுக்குதது அதுலதான். அன்னைக்கு வண்டி சாஞ்சதும் அதுலதான்."

"வேதக்காரி புத்தியக் காட்டுதியா? எம் பெண்சாதி இப்படிக் கிடக்கும்போது எஞ்சாமியப் பேசுதியா?"

"நம்பலேன்னா இறங்கி விரல வச்சுப் பாருங்க!"

இறங்கினார். குனிந்து தண்டவாளத்தைத் தொட்டார். விரலை மோந்து பார்த்தார். பாறையை அண்ணாந்து பார்த்தார், மறுபடி விரலைப் பார்த்தார். மேஸ்திரிக்கு அதற்குமேல் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனால் செம்பு கையிலேயே இருந்தது. அத்தனை பெரிய மனுஷன் அழுகிற குரலில் கேட்டார்:

"நேந்துட்டேனே. சாமிக்குன்னு எடுத்தத நான் எங்கன கொண்டு போவேன்?"

வலிக்கு நடுவில் ஆவுடைத்தாய் கண்ணைத் திறந்தாள். "இங்கன கொண்டாங்க. எவ்வயித்துல ஊத்துங்க. உள்ள கெடக்கதும் சாமி குடுத்ததுதான?"

மேஸ்திரி செம்பை என் கையில் தந்தார். நான் எண்ணெய் ஊற்றி அவள் வயிற்றைப் பைய நீவினேன். அவர் தலைப்பாகையை அவிழ்த்து, வளைவு முழுக்க முழந்தாளிட்டே தண்டவாளத்தைத் துடைத்தார். பிறகு இவரிடம் மணல் மூட்டையைக் கேட்டு வாங்கி, கல்லைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மணலைத் தேய்த்தார்.

வண்டி நகர்ந்தது. பாதாளம் பக்கத்தில் வந்தது. சக்கரம் கிறீச்சிட்டது. அந்த இடத்தில் இதுவரை நான் கேளாத சத்தம்: இரும்பு இரும்பைப் பிடிக்கிற சத்தம். தாண்டியதும் இவர் விசில் ஊதினார், நான் பக்கத்திலேயே இருக்கிறேன் என்பதையும் மறந்து.

ராத்திரி டாக்டர் பிள்ளையைத் திருப்பி எடுத்தார். பெண். தாயும் பிழைத்தாள்.

ஜூலை 21, வெள்ளி

நேற்றே மலைக்குத் திரும்பிவிட்டேன். இவர் சத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். மேஸ்திரி இன்னும் கீழேதான். அவர் ஒருவர் துடைத்தால் போதுமா? ஜனம் கேட்குமா? அமாவாசைக்கு வண்டியை நிறுத்தமாட்டார்களாம், துரையின் உத்தரவு. நேற்றிரவு இரண்டு பேருமே தூங்கவில்லை. இரண்டு பேருமே தூங்குவதுபோல் கிடந்தோம்.

ஜூலை 25, செவ்வாய், ஆடி அமாவாசை

விடியும் முன்பே ஜனம். மேஸ்திரி நேற்றே ஏறி வந்து, வளைவில் கம்போடு நிற்கிறாராம். ஏறி வந்தவர்கள் அவர் சொல்வதை எனக்கு நடித்தே காட்டினார்கள்: "இங்கன ஊத்தாதீங்க! இந்தச் சாமி எண்ணெய் பிள்ளத்தாச்சிக்குப் போவுது. நர்சம்மா கொட்டகையில கொண்டு குடுங்க!"

கொடுத்தார்கள். செம்பு, கலயம், மூங்கில் குழாய். வைக்க இடமில்லாமல் கஷாயப் பானையைக் காலி செய்து அதிலும் வாங்கினேன். ஒருத்தி எண்ணெயைத் தந்துவிட்டு என்னையே கும்பிட்டாள். நான் வேதக்காரி, என்னைக் கும்பிடாதே என்று அதட்டினேன். சரி என்று சொல்லிவிட்டு இன்னொரு தடவை கும்பிட்டாள்.

இருட்டும் நேரத்தில் வாசலில் யாரோ நின்றார்கள். இன்னொரு செம்பு என்று நினைத்து நிமிராமலே கையை நீட்டினேன்.

"ஏட்டி, சோறு இருக்கா?" என்றார் இவர்.

அப்போதுதான் தெரிந்தது, காலையில் நான் விசிலுக்காக நிற்கவே இல்லை.