பாலத்தின் நடுக்கோடு

அன்புள்ள ஹோபர்ட்,

நீயும் உன் வீட்டாரும் நலம்தானே? இது என் கையெழுத்து. என் வீட்டுக்காரி ஓப்பல் எழுதித் தந்ததென்று நினைத்துவிடாதே. தேவாலயத்தில் நடக்கும் எழுத்து வகுப்பில் குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். சுரங்க வாசலில் ஒட்டும் அறிவிப்பையெல்லாம் நீதான் எனக்குப் படித்துச் சொல்வாய். இப்போது நீ சட்டசபையில் இருக்கிறாய். நான் எழுதி நீ படிக்கிறாய். உன் பெயரை எழுதிவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மெதுவாகத்தான் எழுதுகிறேன். கை தயார், மூச்சுதான் பின்தங்குகிறது. இந்த வரிக்கு முன்னால் கொஞ்சம் தூங்கினேன்.

என் மூச்சுக் கருவியைப் பார்த்துக்கொள்ள ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஆள் இல்லை. இருந்த பெண்ணும் நகரத்துக்குப் போய்விட்டாள். அக்கரையில், கென்டக்கியில், டெல்ஃபியா இருக்கிறாள். மூச்சுச் சிகிச்சைதான் அவள் தொழில். அவள் வீட்டு வாசலில் நின்றால் எங்கள் சமையலறை விளக்கு தெரியும். ஆனால் அவளுடைய கென்டக்கி உரிமம் மாநில எல்லையான பாலத்தின் நடுக்கோட்டோடு முடிந்துவிடுகிறது. அதனால் செவ்வாய்தோறும் ஓப்பல் என்னையும் கருவியையும் வண்டியில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோகிறாள். அங்கே வண்டியிலேயே வைத்துப் பார்த்து அனுப்புகிறாள் டெல்ஃபியா.

போன செவ்வாய் பாலத்தில் பனி உறைந்து வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். நடந்தோம். கோட்டுக்கு இந்தப் பக்கமே என் கால் நின்றுவிட்டது. ஓப்பல் மடக்கு நாற்காலியை விரித்து உட்கார வைத்தாள். டெல்ஃபியா எதிரே வந்து நின்று, “பெரியவரே, இன்னும் நாலடி வாங்க. அங்க வந்து தொட்டேன்னா என் உரிமம் போயிடும்,” என்றாள். அதற்கு ஓப்பல், “இவரு நுரையீரலை மட்டும் தள்ளிவிடட்டுமாடி? மிச்சம் இங்கயே கெடக்கட்டும்,” என்றாள். மூவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கவே இல்லை. உதடு நீலமாகிவிட்டதென்று ஓப்பல் பிறகு சொன்னாள்.

டெல்ஃபியா கோட்டைத் தாண்டினாளா என்று இதில் எழுத மாட்டேன். நான் உயிரோடிருக்கிறேன், அதை எழுதுகிறேன்.

பக்கத்து மாநில உரிமத்தை ஏற்றுக்கொண்டால் நம் பிள்ளைகளின் வேலை போய்விடும் என்று தொலைபேசியில் சொன்னாய். “வேலை பாக்க பிள்ளைங்க எங்கடா இருக்காங்க இங்க?” என்று கேட்க வாயெடுத்தேன். மூச்சு வரவில்லை, நீ வைத்துவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்துக்கு இருமல் வராது.

அந்த உரிமச் சட்டத்துக்கு அடுத்த வாரம் உங்கள் சபையில் வாக்கெடுப்பு என்கிறார்கள். சுரங்கத்துக்குள் பேச்சு கேட்காதபோது தலைவிளக்கைப் பக்கவாட்டில் ஆட்டினால் நில், மேலும் கீழும் ஆட்டினால் வா. உனக்கு மறந்திருக்காது. டெல்ஃபியா கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருக்கிறாள், ஹோபர்ட். அவளுக்கு வா என்று காட்டு.

கர்த்தர் உன் மூச்சைச் சீராக வைத்திருக்கட்டும்.

உன் பழைய கூட்டாளி,
டென்சில்