உன் அஞ்சல் பெட்டியை மூடப் போனேன்

என் பிரியத்துக்குரிய மச்சான் ராமநாதா,

ஒழுங்கில்லாமல் எழுதினால் உனக்குப் பிடிக்காது. சொல்லப் போவதை முதலில் வரிசைப்படுத்துகிறேன்.

1. சங்கத்தின் மின்னஞ்சல் வேலை என் தலையில் விழுந்தது.
2. சேர்வர் என்னை உள்ளே விட மறுத்தது.
3. உன் அஞ்சல் பெட்டியை மூடிவிடுவதே முறை.

நம் மரண உதவிச் சங்கத்தின் மின்னஞ்சலை நீதான் பார்த்துவந்தாய். இறந்தவர் பெயரில் பெட்டி எதற்கு, மூடிவிடுங்கள் என்று செயலாளரான என்னிடம் புதிய நிர்வாகக் குழு சொன்னது. மறுத்துப் பேச எனக்கு எப்போது துணிவு இருந்தது?

மஹய்யாவ வீட்டில் உன் கதிரையில் உட்கார்ந்து, நீ விட்டுப்போன கட்டளைகளைக் கறுப்புத் திரையில் எழுத்தெழுத்தாகத் தட்டினேன். எங்கோ தூர தேசத்துச் சேர்வர் கடவுச்சொல் கேட்டது, கொடுத்தேன், திறந்தது. அழிக்கும் கட்டளைக்கு மட்டும் விரல் வரவில்லை. திரையை மூடிவிட்டு எழுந்து வந்தேன். அடுத்தடுத்த நாட்களிலும் அப்படியே.

பிறகொரு நாள் சேர்வர் மறுத்துவிட்டது. ஏற்கெனவே அளவுக்கு மேல் இணைப்புகள் திறந்திருக்கின்றனவாம். திறந்தது யார்? நீயோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

தங்கை கமலத்திடம் சொன்னேன். "எந்திரிக்கிறதுக்கு முன்னாடி அவரு ஒரு வரி அடிப்பாருண்ணே. சேர்வர்கிட்ட சொல்லிட்டுத்தான் வரணும்பாரு," என்றாள். துக்க வீட்டில் விடைபெறக் கூடாதென்று நான் தினமும் அவளிடம் சொல்லாமலே புறப்பட்டுவந்தேன். "எங்ககிட்ட சொல்லாம போறது முறைதான். அதுகிட்டயுமாண்ணே?" நீ போனபின் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

நான் முடிக்காமல் விட்ட இணைப்புகள்தான் வாசலை அடைத்திருக்கின்றன. அவை தாமாக அறுந்தபின், மறுநாள் நுழைந்தேன். இன்று அழித்தே தீருவது என்றிருந்தேன். கமலம் உன் போனை நீட்டினாள். அன்று காலை உன் பெட்டிக்கு வந்த கடிதம். எழுதியவள் கட்டாரில் வேலை செய்யும் பெண். அம்பிட்டியவில் அவளுடைய அம்மா இறந்துவிட்டார். நீ இல்லாதது தெரியாமல், தான் வந்து சேரும்வரை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்படி 'ராமநாதன் மாமா'வைக் கேட்டிருந்தாள்.

"நேத்தே மூடியிருந்தா இது எங்கண்ணே போயிருக்கும்?"

பெட்டியை அழிக்காமல், செயலாளரும் படிக்கக்கூடிய பொதுப் பெட்டியாக மாற்றினேன். சேர்வரிடம் முறையாக விடைபெற்றேன். மதியத்துக்குள் சங்கத்தின் கூடாரமும் கதிரைகளும் அம்பிட்டியவுக்குப் போய்விட்டன.

குழுவுக்கு இன்னும் தெரியாது. என்ன சொல்வார்களோ? இருந்தாலும் வரும் கூட்டத்தில் நானே எழுந்து சொல்வேன். உன் பெயருக்கு யார் எழுதினாலும் அன்றைக்கே பதில் போடுவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

மூன்றாவதாக எழுதியது பிழை, மச்சான்.

உன் கமலத்துக்கு அண்ணனான,
சின்னத்தம்பி