உன் அட்டையில் மீந்த மூன்று மாத்திரை

அக்கா, இன்று கூடலூர் மருந்துக் கடைக்காரர் மாத்திரை அட்டையைக் கத்தரியால் நறுக்கினார். அந்தச் சத்தம் கேட்டதும் நீ பக்கத்தில் வந்து நின்ற மாதிரி இருந்தது.

ஓவேலியில் நாம் ஒரே வரிசையில் தேயிலை பறித்தோம். அரை மணிக்கொரு தரம் ஒண்ணுக்கு முட்டி, பையை என்னிடம் விட்டுவிட்டு சில்வர் ஓக் மரத்துப் பக்கம் ஓடுவாய். பாதி வழியிலேயே சேலை நனைந்துவிடும்.

"ஏம்மா, மழை நின்னாலும் உனக்கு நிக்காதா?" என்பார் மேஸ்திரி.

"மேல வர்ற மழைக்கு ரப்பர் சீட்டு குடுத்தீங்க. கீழ வர்றதுக்கும் ஒண்ணு குடுங்க சாமி" என்பாய். காடே சிரிக்கும். ஒருநாள் அந்த மரத்தடியில் யானை நின்றது. நீ தூரத்திலிருந்தே கும்பிட்டு, "ரெண்டு நிமிசம் தள்ளி நில்லுப்பா" என்றாய். அது போயே போய்விட்டது. சரி, நான் சொல்ல வந்தது வேறு.

திருப்பூரில் உன் மகளுக்கு வளைகாப்பு வந்தது. அத்தனை நேரம் பஸ்ஸில் சேலை நனையாமல் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் உன் கவலை. டாக்டரம்மா உனக்கு ஒரு மாத்திரை கொடுத்திருந்தார். வாய் அவ்வளவாகக் காயாது, பிரஷரை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும், பலன் தெரியச் சில வாரம் ஆகும் என்று சொல்லியிருந்தார். ஏழு நாளில் நீ சலித்துப்போனாய்.

எனக்கும் அதே தொந்தரவுதான். ஆனால் நான் போட்டது வேறு மாத்திரை. வாய் வறண்டு நாக்கு ஒட்டும், மலம் இறுகும், ஆனால் சீக்கிரமே கேட்டது. வெற்றிலையையும் டீத் தண்ணியையும் பங்கு போட்ட மாதிரியே அதையும் உன் கையில் வைத்தேன்.

"டாக்டரம்மா வேற சொன்னாங்களே அம்மிணி."

"அவங்களா பஸ்ஸுல வரப்போறாங்க? இதப் போடுக்கா."

உன் பழைய அட்டையை என்னிடம் கொடுத்துவிட்டு, நனையாத சேலையோடு போய் வந்தாய். வரிசை முழுக்க என்னைப் புகழ்ந்தாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. மாதாமாதம் எனக்கு வாங்கும்போது உனக்கும் சேர்த்து வாங்கினேன்.

பிறகுதான் நீ தடுமாறத் தொடங்கினாய். உன் இலையை அடுத்தவள் பையில் கொட்டினாய். பக்கத்து லைன் வீட்டுக் கதவைத் தள்ளி, "என்ற ஊட்டுல நீங்க யாருங்க?" என்று கேட்டாய். வயசாகிவிட்டது என்றார்கள். நானும் சொன்னேன். மகள் உன்னை அழைத்துப்போக வந்தபோது, காலி அட்டை ஒன்றை நான்தான் உன் முந்தானையில் முடிந்தேன். "அங்க கடையில இதக் காட்டி வாங்கிக்க."

அடுத்த மாதம் கண் மங்குகிறதென்று டாக்டரம்மாவிடம் போனேன். பேச்சோடு பேச்சாக உன்னைப் பற்றியும், என் மாத்திரையை உனக்குக் கொடுத்ததையும் சொன்னேன். அவர் முகம் மாறியது. "அந்த மாத்திரை வயசானவங்க சிலருக்குப் புத்தியக் கொழப்பும்மா. அதனாலதான் அவங்களுக்கு வேற எழுதுனேன். உடனே அங்க டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க."

உடனே என்றார். நான் சொல்லவில்லை. உன் மகள் என்ன கேட்பாளோ என்று பயம். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன்.

ஒருநாள் நீயே போன் செய்தாய். அன்று தெளிவாக இருந்தாய். "அம்மிணி, உன்ற மாத்திரையாலதான் நான் மானத்தோட இருக்கறேன்" என்றாய். "சரிக்கா" என்று போனை வைத்தேன்.

மார்கழிச் சளிக் காய்ச்சலில் போய்விட்டாய். மாத்திரையால் இல்லை. ஆனால் கடைசியில் பெற்ற மகளையே என் பேர் சொல்லிக் கூப்பிட்டாயாம். அவள் அதைப் பெருமையாகச் சொல்லி அழுதாள். அப்போதும் மாத்திரை விஷயத்தை நான் அவளிடம் சொல்லவில்லை.

இப்போது உனக்கு எழுதிய மாத்திரையைத்தான் எனக்கும் கொடுக்கிறார்கள். பிரஷர் பார்த்துக்கொள்கிறேன். அவசரம் முழுதாக நிற்கவில்லை, குறைந்திருக்கிறது. அது தெரிய எனக்கு ஒரு மாதம் ஆனது, அக்கா. உனக்கு நான் ஏழு நாள்தான் கொடுத்தேன். உன் அட்டை என் பவுடர் டப்பாவில் இருக்கிறது. ஏழு குழி காலி, மூன்று மாத்திரை மீதி. தேதி முடிந்துவிட்டது. தூக்கிப் போடக் கை வரவில்லை.