மூட்டத்தில் சுட்ட ஏழாவது குண்டு

எந்த வாசலில் நின்றாலும் என்னைத் "தம்பி" என்றே கூப்பிட்ட ஃபாரூக் நானாவுக்கு,

நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருசம் ஆகப்போகிறது. ஹட்டனில் உங்கள் தையல்கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசிக்கு உறை விற்கிறார்கள். என் கடை அப்படியே இருக்கிறது. அதே மழைக்கோட்டு, அதே கம்பூட்ஸ், தேயிலைச் செடி வெட்டுகிற அதே கவ்வாத்துக் கத்தி. "மழை பெய்ற ஊர்ல மழைக்கோட்டு விக்கிறதெல்லாம் ஒரு கெட்டித்தனமா தம்பி?" என்று கேட்க மட்டும் ஆள் இல்லை.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும், நானா. உங்கள் கபுறடியில் நின்று தனியாகச் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் நான் சொன்ன பொய் ஊர் முழுக்கப் போன பொய். அதனால் உண்மையையும் ஊர் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

படிக்கிறவர்களுக்கு முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தையல்காரர், நான் மழைக்கோட்டு வியாபாரி. இரண்டு பேரும் ஐம்பதை ஒட்டிய வயதில் நுவரெலியாப் பக்கம் ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில் சேர்ந்தோம். யோசனை உங்களுடையது. என் வீட்டில் அன்று அடுப்பு எரியவில்லை. "நமக்கெதுக்கு இந்த வேலை? தமிழன் கையில துவக்கு இருந்தா, குறிப்பலகையையா பார்ப்பாங்க? ஆளைத்தான் பார்ப்பாங்க" என்றாள் என் மனைவி. அவள் சொன்னதில் பிழை இல்லை. கிராம சேவகர் கடிதம், பொலிஸ் கடிதம் என்று நாலு மாதம் அலைந்தோம். கிளப்பின் பொறுப்பாளர், நாம் மரியாதையாக "மாத்தயா" என்று கூப்பிடும் சிங்களவர், நம் படிவங்களைப் பார்த்துவிட்டு, இந்த வயதில் இது எதற்கு என்று கேட்டார். நீங்கள் உடைந்த சிங்களத்தில் சொன்ன பதில் அங்கே இன்னும் பேச்சில் இருக்கிறது. நாள் முழுக்கக் குனிந்து கிட்டத்தில் இருக்கிற துணியையே பார்க்கிறவன் நான், வாரத்தில் ஒரு நாளாவது தூரத்தில் எதையாவது பார்க்க வேண்டும் என்றீர்கள்.

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைகள் நமக்கு வந்தன. பாயில் குப்புறப் படுத்து, ஐம்பது மீட்டர் தள்ளியிருக்கும் அட்டையைப் பார்ப்போம். நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம் அங்கிருந்து சட்டைப் பொத்தான் அளவுதான் தெரியும். மூச்சைப் பாதி விட்டு, பாதியில் நிறுத்தி, விசையை அழுத்துகிறோம் என்று விரலுக்கே தெரியாதபடி அழுத்த வேண்டும். உங்களுக்கு அது மூன்றாம் வாரமே வந்துவிட்டது. எனக்கு ஒரு வருசம் பிடித்தது.

கைத்துப்பாக்கி இரண்டு பேருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. நீட்டிய கை ஒரு நிமிசத்தில் ஆடத் தொடங்கிவிடும். அதற்காக நீங்கள் கடையில் இஸ்திரிப் பெட்டியை ஒரு கையால் நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். யூனிஃபார்ம் தைக்க வந்த ஒரு அம்மா பயந்துபோய், "என்னங்க நானா, யாரைச் சுடப் போறீங்க?" என்றாள். "நேரத்துக்கு உடுப்பெடுக்க வராத ஆளுங்கள" என்றீர்கள் நீங்கள்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

கொழும்பில் நடக்கும் தெரிவுப் போட்டிக்கு நம் கிளப்பிலிருந்து ஒரே ஒருவர் போகலாம் என்றார்கள். கடைசியில் மிஞ்சியது நாம் இரண்டு பேர். மூன்றாம் இலக்கப் பாயில் நான், நாலாம் இலக்கத்தில் நீங்கள். ஆளுக்குப் பத்து குண்டு. ஆறு சுட்டிருந்தேன். அப்போது பள்ளத்திலிருந்து மூட்டம் ஏறி வந்து அட்டை, அதன் நம்பர் எழுதிய இலக்கப் பலகை எல்லாவற்றையும் மறைத்தது. நம் மலையில் இது வழக்கம்தானே. குழலைத் தாழ்த்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். விலகியதும் முதலில் இலக்கப் பலகையைப் பார்த்து, பிறகுதான் கறுப்பு வட்டத்தைப் பார்க்க வேண்டும். வெயில் ஊரில் சுடுகிறவனுக்கு இந்தப் பாடம் தேவையில்லை. நமக்கு முதல் நாளே சொல்லித் தந்த பாடம் இது.

நான் குழலைத் தாழ்த்தவில்லை, நானா. கண்ணை எடுக்காமல் அப்படியே கிடந்தேன். மூட்டம் கொஞ்சம் கிழிந்தபோது ஒரு கறுப்பு வட்டம் தெரிந்தது. சுட்டேன். மூட்டம் முழுதாக விலகியபோது என் குழல் நாலாம் இலக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்தவர் அட்டையில் சுட்டுவிட்டால் உடனே கையைத் தூக்கிச் சொல்ல வேண்டும். இரண்டு புள்ளி போகும். அவ்வளவுதான் தண்டனை. என் கை எழும்பவில்லை. கொழும்புக்குப் போகிறேன் என்று அதற்கு முந்தைய வாரமே கடைக்கு வந்த எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். தோட்டத் தொழிலாளர் லயத்துக் காம்பராவில் பிறந்து, தலையில் துணிமூட்டை சுமந்து தோட்டம் தோட்டமாக விற்றவன் ஒருநாள் அங்கே போய் நிற்பதை ஊர் பார்க்க வேண்டும் என்ற வெறி. வேறு காரணம் தேடிப் பார்த்தேன். இல்லை.

அட்டைகளைக் கொண்டுவந்தார்கள். என்னுடையதில் ஒன்பது துளை, உங்களுடையதில் பதினொன்று. மாத்தயா விவரம் தெரிந்த மனிதர். நேரே என்னிடம் வந்தார்.

"நீங்க நாலாம் நம்பர் சுட்டதா?"

"இல்ல மாத்தயா. இந்தத் துளையைப் பாருங்க, நீளமா இருக்கு. ரெண்டு குண்டும் ஒண்ணுலயே போயிருக்கு."

அவர் நம்பவில்லை. உங்கள் பக்கம் திரும்பினார். "நீங்க எத்தனை சுட்டது?"

தொடங்குவதற்கு முன்பு கண் பழகுவதற்கென்று வேறோர் அட்டையில் சில குண்டுகள் சுடுவோம் அல்லவா? அதனால் கீழே விழுந்த காலிக் குண்டுக் கூடுகளை எண்ணிப் பார்த்தும் பயனில்லை. உங்கள் வாய்ச்சொல்தான் கணக்கு. நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள்.

"தம்பி பொய் சொல்ல மாட்டாப்ல, மாத்தயா. பழகுறதுக்குச் சுட்டதுல ஒண்ணை நான்தான் மாத்தி இந்த அட்டையில சுட்டிருப்பேன். எண்ணிக்கை தப்பிப்போச்சு."

அந்த இடத்திலாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. உங்கள் அட்டையில் நல்ல குண்டு ஒன்றை நீக்கி, மேலும் இரண்டு புள்ளி வெட்டினார்கள். கொழும்புக்கு நான் போனேன். அங்கே கடைசியிலிருந்து இரண்டாவது ஆளாக வந்தேன். ஆனால் ஊரில் என் பெயர் ஒரே துளையில் இரண்டு குண்டு விட்டவன் என்று ஆகிவிட்டது. நானும் மறுக்கவில்லை. கேட்டவர்களுக்கு விரலால் அளவு காட்டினேன்.

நீங்கள் அதோடு கிளப்புக்கு வருவதை நிறுத்தினீர்கள். "எண்ணிக்கை தப்புறவன் கையில துவக்கு வாணாம் தம்பி. இன்னைக்கு அட்டை, நாளைக்கு ஆளாப் போயிரும்" என்றீர்கள். நீங்கள் சும்மா சொல்கிறீர்கள், கண் வலியாக இருக்கும், வேலை அதிகமாக இருக்கும் என்று நானே எனக்குக் காரணம் சொல்லிக்கொண்டேன்.

போன மாதம் உங்கள் மகள் ரிஸ்வானா கடைக்கு வந்தாள். மஸ்கெலியாவில் கணக்குப் படிப்பிக்கிறாளே, அங்கே போக வர ஒரு மழைக்கோட்டு வேண்டுமாம். கிளப்பில் புதிய மண்டபம் கட்டுகிறார்கள். பழைய பெட்டிகளை ஒழித்தபோது கிடைத்தது என்று உங்கள் கடைசி அட்டையை அவளிடம் கொடுத்திருக்கிறார்கள். என்னுடையதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மண்டபத்தில் மாட்டப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். அது எனக்கும் தெரியும். அவள் கோட்டைப் போட்டுப் பார்க்கவில்லை. அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள்.

"மாமா, ஒண்ணு கேக்கணும். வாப்பாவுக்கு மறதி அப்பவே தொடங்கிருச்சா?"

"என்ன மறதி?"

"உங்களுக்குத் தெரியாதா? இதுக்குப் பிறகு வாப்பா தன்னோட எண்ணிக்கையை நம்பவே இல்ல. தொழும்போது எத்தனை முடிஞ்சிச்சு, மூணா நாலான்னு சந்தேகம். சந்தேகம் வந்தா முடிவுல நெத்தியைத் தரையில வச்சு ரெண்டு சுஜூது கூடச் செய்யணும். வாப்பா கடைசியில தினமும் செஞ்சாங்க. அதுவும் போதாம, வீட்டுல தொழுதா உம்மாவைப் பின்னால உக்கார வச்சு எண்ணச் சொல்லுவாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "நான் கரும்பலகையில ஒரு கணக்குப் பிழைவிட்டாக்கூட இப்ப பயமா இருக்கு. இது பரம்பரையா வருமா மாமா?"

நானா, இத்தனை வருசம் வியாபாரத்தில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ சமாளிப்புச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பிள்ளையிடம் மட்டும் முடியவில்லை. உள்ளதைச் சொன்னேன். மூட்டம், நாலாம் இலக்கம், ஏழாவது குண்டு, மாத்தயா கேட்டது, நீங்கள் சொன்னது, நான் சொல்லாதது, எல்லாம்.

அவள் அழவில்லை. மழைக்கோட்டை மடித்து மேசையிலேயே வைத்தாள்.

"ரெண்டு புள்ளிக்கா மாமா?"

நான் உங்கள் அட்டையைக் கையில் எடுத்தேன்.

"உம்மாகிட்ட நீங்களே வந்து சொல்லுங்க. நான் போய்ச் சொன்னா உங்களுக்கு லேசாப் போயிரும்."

அடுத்த ஞாயிறு கிளப்பில் எல்லார் முன்னாலும் சொன்னேன். மாத்தயாவுக்கு இப்போது எழுபதைத் தாண்டியிருக்கும். சட்டம் போட்டு வைத்திருந்த என் அட்டையை வெளியே எடுத்தார். "புதுசா வந்த எல்லாருக்கும் நான் இது காட்டினது" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு அதன் பின்புறத்திலும், ரிஸ்வானாவிடம் நான் வாங்கிப்போன உங்கள் அட்டையின் பின்புறத்திலும் உண்மையை எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்று ஜெயித்தது நீங்கள், நானா. எழுத்தில் இருக்கிறது. எனக்கு ஆறு மாதம் துப்பாக்கியைத் தொடத் தடை. அதுவரை மற்றவர்களுக்கு அட்டை ஒட்டும் வேலை. முதுகு வலிக்கிறது, வலிக்கட்டும்.

அதற்குப் பிறகுதான் உங்கள் வீட்டுக்குப் போனேன்.  மதினி கதவுச் சீலைக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து, நான் முடிக்கும்வரை கேட்டார். ரிஸ்வானா கொண்டுவந்து வைத்த தேத்தண்ணி ஆறிப்போனது. மன்னிப்பு என்ற சொல்லை நான் எடுக்கவில்லை. நீங்கள் இருந்திருந்தால் கேட்ட உடனேயே கொடுத்திருப்பீர்கள். அது எனக்குத் தெரிந்திருந்தும் நீங்கள் இருக்கும்போது நான் வரவில்லையே, பிறகு எந்த வாயால் கேட்பது?

கடைசியில் மதினி சொன்னார்:

"நான் பின்னால இருந்து எண்ணினேனே, ஆறு வருசமா. ஒரு நாள்கூட அவருக்கு எண்ணிக்கை தப்பினதில்ல. ஒவ்வொரு நாளும் சொன்னேன், சரியாத்தான் தொழுதீங்கன்னு. அவர் என் பேச்சை நம்பல. உங்களைத்தான் நம்பினாரு."

ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், நானா. அந்த இரட்டைக் குண்டுக் கதையை இந்த ஊர் லேசில் விடாது. பஸ்ஸில், சந்தையில், என் கடை மேசையில் யாராவது அதை எடுத்தால், அது பொய் என்று சொல்லி, ஃபாரூக் நானாவுக்கு எண்ணிக்கை ஒருநாளும் தப்பியதில்லை என்று சொல்வேன். சரக்கெடுக்க வந்தவர் முகம் சுளித்துக்கொண்டு போனாலும் சொல்வேன். எனக்குப் பேச்சு இருக்கும்வரை சொல்வேன்.

நீங்கள் நம்பிய, நம்பியிருக்கக்கூடாத,
உங்கள் தம்பி
சிவலிங்கம்
ஹட்டன்